பிளட்டரில் தொடுதிரை: டர்பன் தமிழ் வகுப்பில் பழகிப் பார்த்த அனுபவம்

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வார இறுதியில் தமிழ் படிக்க வரும் பிள்ளைகளுக்கு வீட்டுமொழி பெரும்பாலும் ஆங்கிலம்தான். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்திறங்கியவர்களின் ஐந்தாம், ஆறாம் தலைமுறை இது. இவர்கள் விரலால் எழுத்து எழுதிப் பழக ஒரு செயலி வைத்திருக்கிறோம். ஒரே குறியீட்டால் பல தளங்களுக்குச் செயலி உருவாக்க உதவும் கூகுளின் கருவியான பிளட்டரில் எழுதியது. வகுப்புக்கு யார் எதைக் கொண்டுவந்தாலும் ஓட வேண்டும்: பழைய ஆண்ட்ராய்டு டேப்லெட், ஐபேட், தொடுதிரை உள்ள விண்டோஸ் மடிக்கணினி. சில ஆண்டுகளாக இதைப் பராமரித்து வருகிறேன். பிளட்டர் நல்லதா என்று கேட்பவர்களுக்கு நான் பொத்தான்களைப் பற்றியோ பட்டியல்களைப் பற்றியோ அதிகம் சொல்வதில்லை. அவையெல்லாம் ஒழுங்காகவே வேலை செய்கின்றன. விரல் கோடு இழுக்கிற இடத்தில்தான் சோதனை.

மூன்று சுழி ண, ரெண்டு சுழி ன. இதைச் சொல்லித்தராத தமிழ் வகுப்பு உலகத்தில் எங்கும் இருக்காது. எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை ஐபேடில் மூன்று சுழி போட்டாள். திரையில் வந்ததோ ரெண்டு சுழி. முதல் சுழி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன வால் மட்டும். பக்கத்தில் நின்ற ஆசிரியை, "தம்பி, பிள்ளை சரியாத்தான் எழுதுது. பலகைதான் தப்பாக் காட்டுது" என்றார். அவர் சொன்னதுதான் உண்மை.

காரணம் இது. ஒரு விரல் திரையில் பட்டதும் அது தட்டலா, இழுப்பா, பக்கத்தை நகர்த்துவதா என்று பிளட்டருக்கு உடனே தெரியாது. அந்த இடத்தில் உள்ள எல்லா சைகை உணர்விகளும் (விரலசைவு என்னவென்று கண்டுபிடிக்கும் நிரல்கள்) ஒரு களத்தில் இறங்கிப் போட்டி போடும். ஜெஸ்ச்சர் அரீனா என்று அதற்குப் பெயர். விரல் குறிப்பிட்ட தூரம் நகர்ந்த பிறகே ஒருவர் வெல்வார். அதுவரை விரல் போன வழி கோடாக வராது. பிளட்டரின் இயல்பு அளவுப்படி மேல்கீழாகவோ பக்கவாட்டிலோ மட்டும் இழுப்பதற்கு 18 பிக்சல், எந்தத் திசையிலும் இழுக்கும் 'பான்' சைகைக்கு 36. இவை தர்க்க பிக்சல்கள், அதாவது திரையின் உண்மைப் புள்ளிகள் அல்ல, எல்லாச் சாதனத்திலும் ஏறக்குறைய ஒரே அளவாக வரும் கணக்கு அலகு. ஒரு அங்குலத்துக்கு 160 என்ற கணக்கில் 36 பிக்சல் என்பது ஐந்தரை மில்லிமீட்டருக்கும் மேல். சின்னக் கட்டத்துக்குள் பிள்ளை போடும் முதல் சுழி அதற்குள்ளேயே முடிந்துவிடும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 18, 36-ஐவிடச் சிறியது. அதனால் உருளும் பக்கத்துக்குள் எழுதுபலகையை வைத்தால், மேல்கீழாகக் கோடு இழுக்கும்போதெல்லாம் பக்கம்தான் ஜெயிக்கும், கோடு தோற்கும். ஆண்ட்ராய்டு தன் சாதனத்துக்குரிய அளவைச் சொன்னால் பிளட்டர் அதையே எடுத்துக்கொள்ளும். அது பெரும்பாலும் சிறிய அளவு. ஆகவே ஒரே செயலி டேப்லெட்டில் கொஞ்சம் இழக்கும், ஐபேடில் நிறைய இழக்கும். மவுஸுக்கோ 'பான்' அளவு வெறும் 2 பிக்சல். மடிக்கணினியில் மவுஸ் வைத்துச் சோதிக்கும் யார் கண்ணுக்கும் இந்தக் குறை படவே படாது. பல தளங்களுக்கு எழுதுகிறவர்கள் கையில் உண்மையான சாதனம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதற்காகத்தான்.

இழுப்பு எந்தப் புள்ளியில் தொடங்கியதாகக் கொள்வது என்பதைச் சொல்லும் டிராக் ஸ்டார்ட் பிஹேவியர் என்ற அமைப்பை 'டவுன்' (விரல் பட்ட இடம்) என்று மாற்றச் சொல்வார்கள். மாற்றினால் கோட்டின் தொடக்கப் புள்ளி சரியாகும். ஆனால் நடுவில் விரல் போன வளைவு கிடைக்காது, ஒரே தாவலாக வரும். சுழிக்குப் பதில் நேர்கோடு. தமிழுக்கு அது உதவாது.

எங்களுக்குக் கைகொடுத்தது இரண்டு அடுக்கு ஏற்பாடு. வரைவதற்கு லிசனர் என்ற பிளட்டர் உறுப்பு. அது போட்டிக் களத்துக்கு வெளியே நின்று, விரல் பட்ட கணத்திலிருந்து ஒவ்வொரு புள்ளியையும் அப்படியே தருகிறது. ஆனால் அது மட்டும் போதாது, ஏனென்றால் கோடும் விழும், பக்கமும் நகரும். அதனால் ரா ஜெஸ்ச்சர் டிடெக்டர் என்ற உறுப்புக்குள் ஈகர் ஜெஸ்ச்சர் ரெகக்னைசர் என்ற சைகை உணர்வியை வைத்தோம். விரல் பட்டவுடன் வெற்றி தனதென்று அறிவித்துப் பக்கத்தை நிறுத்திவிடும். குறியீடு சில வரிதான். ண-வின் முதல் சுழி திரும்பி வந்தது.

அடுத்த தலைவலி உள்ளங்கை. சிறு பிள்ளைகள் முதலில் கையை ஊன்றிவிட்டுத்தான் விரலை வைப்பார்கள். முதலில் பட்டதுதான் எழுதும் விரல் என்று வைத்தால் எழுத்தே வராது. தொடுபரப்பின் அளவைச் சொல்லும் எண் ஒன்று உண்டு, ஆனால் எங்களிடம் உள்ள பழைய டேப்லெட்டுகளில் அதை நம்ப முடியவில்லை. இப்போது ஒவ்வொரு தொடுதலுக்கும் தனி வரிசை வைத்துப் புள்ளிகளைச் சேர்க்கிறோம். எது முதலில் ஓரளவு நகர்கிறதோ அதை விரலாக ஏற்று, சேர்த்த புள்ளிகளோடு சேர்த்தே வரைகிறோம். போதுமான அசைவு வரும்வரை காத்திருப்பதில் தவறே இல்லை. காத்திருந்தபோது வந்த புள்ளிகளைத் தூக்கி எறியக் கூடாது, அவ்வளவுதான்.

தொடுதல் பாதியில் ரத்தானதைச் சொல்லும் கேன்சல் நிகழ்வைப் பலர் கண்டுகொள்வதில்லை. ஆண்ட்ராய்டு 10-இலிருந்து திரை ஓரத்திலிருந்து இழுத்தால் 'பின்செல்' சைகை. இடது ஓரத்தில் எழுத்தைத் தொடங்கும் பிள்ளையின் விரலை இயங்குதளம் நடுவில் பிடுங்கிக்கொள்ளும். அப்போது விரல் எடுத்ததைச் சொல்லும் 'அப்' வராது, 'கேன்சல்' மட்டுமே வரும். அதைப் பிடிக்காவிட்டால் இல்லாத விரலை இருப்பதாக நினைத்துப் பலகை அடுத்த விரலை ஏற்காது. பலகையை ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி வைப்பது எளிய தீர்வு.

புரொஜெக்டரில் மவுஸால் நடத்தும் ஆசிரியைக்கு வேறு குறை. பட்டியலைப் பிடித்து இழுத்தால் நகராது. 2021-இல் வந்த 2.5 பதிப்பிலிருந்து மவுஸ் இழுப்பு இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. பக்கம் உருளும் விதத்தை முடிவுசெய்யும் ஸ்க்ரோல் பிஹேவியரில், இழுக்க அனுமதி உள்ள சாதனங்களின் (டிராக் டிவைசஸ்) பட்டியலில் மவுஸைச் சேர்த்தால் போதும்.

குறியீட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றும் உண்டு. 2023-இல் தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெடிங் எனும் முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, கிடைத்த மலிவு சார்ஜரையெல்லாம் இன்வெர்ட்டரில் செருகி வகுப்பு நடந்தது. யாரும் தொடாமலே திரையில் புள்ளிகள் விழுந்தன. சார்ஜரின் மின் இரைச்சல் தொடுதிரையைக் குழப்பும். ஆண்ட்ராய்டின் டெவலப்பர் தெரிவுகளில் 'பாயிண்டர் லொகேஷன்' என்பதை இயக்கிப் பாருங்கள், பேய்த் தொடுதல்கள் கண்ணெதிரே தெரியும். சார்ஜரைக் கழற்றினால் நின்றுவிடும். செயலியில் பிழை தேடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு பிளட்டரையே வைத்திருக்கிறேன். கீழ் அடுக்கை மறைக்காமல் லிசனராகத் திறந்து வைத்திருப்பதே முக்கியக் காரணம். விண்டோஸ் தொடுதிரையில் இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் எழுதுவதை மட்டும் இன்னும் முழுசாகச் சோதிக்கவில்லை. அப்படிப் பயன்படுத்துகிறவர்கள் இருந்தால் எழுதுங்கள்.