பிரிட்டனின் இணையவழி வாகன வரிச் சேவை: கட்டுவது எளிது, கணக்குதான் இடிக்கிறது

பிரிட்டனில் காருக்கான ஆண்டு வரியைச் செலுத்த அரசு நடத்தும் இணையச் சேவையில், சேவை என்ற அளவில், குறை காண்பது கடினம். பதிவுப் புத்தகத்திலுள்ள 11 இலக்க எண்ணையோ நினைவூட்டல் கடிதத்தில் வரும் 16 இலக்க எண்ணையோ உள்ளிட்டால் போதும். காரின் ஆண்டுச் சோதனையில் தேறியதற்கான எம்ஓடி சான்று நடப்பில் உள்ளதா என்பதைக் கணினியே சரிபார்த்துவிடுகிறது. வரி கட்டியதற்கு அடையாளமாகக் கார்க் கண்ணாடியில் ஒட்டும் வட்ட வில்லையும் 2014 அக்டோபரிலேயே ஒழிந்துவிட்டது.

ஆனால் திரையில் வந்து நிற்கும் தொகையை நியாயம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. 2001 மார்ச் முதல் 2017 மார்ச் வரை பதிவான கார்களுக்குக் கரியமில வாயு வெளியேற்றமே அளவுகோல். அதன்பின் பதிவானவற்றுக்கு அது முதல் ஆண்டில் மட்டுமே கணக்கில் வருகிறது. இதனால், 2025 ஏப்ரல் கட்டணப்படி, கிலோமீட்டருக்கு 99 கிராம் வெளியிடும் சிறிய பெட்ரோல் கார் 2017 மார்ச்சில் பதிவாகியிருந்தால் 20 பவுண்டு. அதே கார் மறுமாதம் பதிவாகியிருந்தால் 195 பவுண்டு. புகையில் ஒரு கிராம்கூட வித்தியாசமில்லை! நாற்பது ஆண்டுகளைக் கடந்த பழங்கார்களுக்கோ விண்ணப்பித்தால் வரியே கிடையாது. அவை அதிகம் ஓடுவதில்லை என்ற வாதத்தை ஏற்கலாம் என்றாலும், வாரம் ஒருமுறை கடைக்குப் போய்வரும் முதியவரின் பத்து வயதுக் காருக்கு அந்தச் சலுகை இல்லை.

மாதத் தவணைக்கு 5 சதவீதம் கூடுதல் என்பதால், இயன்றவர்கள் ஆண்டுக்கு ஒரே முறையாகக் கட்டிவிடுவது நல்லது. காரை விற்கும்போது வரி அதனுடன் போகாது. விற்றவருக்கு மீதமுள்ள முழு மாதங்களுக்கு மட்டுமே பணம் திரும்பும், வாங்கியவரோ அந்த மாதத் தொடக்கத்திலிருந்தே கட்ட வேண்டும். ஆக, ஒரே மாதத்துக்கு இருமுறை வசூல்.