அப்பாயியும் உட்கார்ந்து பார்க்கிற பிக்சார் படம் எது?

ஜூன் விடுமுறை நான்கு வாரம். முதல் வாரம் நீச்சல், நூலகம், சித்தி வீடு என்று ஓடிவிடும். இரண்டாம் வாரத்தில் மழை பிடித்துக்கொண்டால் சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டுக் கூடத்தில் ஐந்து பேரும் தொலைக்காட்சி முன்னால்தான் கிடப்போம். தொடக்கநிலை 5 படிக்கும் மகள், தொடக்கநிலை 2 மகன், மனைவி, நான், அப்புறம் என் அம்மா. பிள்ளைகளுக்கு அவர் அப்பாயி. பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து, அங் மோ கியோவில் அப்பாவோடு இருபது வருடம் ‘மாமா கடை’ என்கிற சின்னப் பெட்டிக்கடையில் நின்றவர். சந்தை மலாய் சரளமாக வரும். ஆங்கிலம் ‘ஓகே’, ‘நோ ஸ்டாக்’ இரண்டோடு நின்றுவிட்டது.

ஐந்து பேருக்கும் பொதுவாக ஒரு படம் என்றால் முதலில் அமெரிக்க அனிமேஷன் நிறுவனமான பிக்சாரின் பெயர்தான் வாயில் வரும். ஒரு காலத்தில் அவர்களின் சின்னமான அந்த மேசை விளக்கு குதித்துக் குதித்து வந்தாலே போதும், மேற்கொண்டு விசாரிக்க வேண்டியதில்லை. 1995-இல் டாய் ஸ்டோரி தொடங்கி 2010-இல் அதன் மூன்றாம் பாகம் வரை 11 படங்கள். ஒன்றிரண்டு சுமார், மோசம் என்று எதுவும் கிடையாது. 2011-க்குப் பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது. ஒன்று மாணிக்கமாக இருக்கும், அடுத்தது பொம்மைக்கடை விளம்பரமாக இருக்கும். அதனால் சில படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அளவுகோலை அம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்டேன்: வசனம் புரியாத ஒருவர் எவ்வளவு நேரம் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறார்?

படம் கண்ணுக்கு எவ்வளவு அழகு என்பதை வைத்துத் தரம் பார்க்க முடியாது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. டாய் ஸ்டோரிதான் முழுக்க முழுக்கக் கணினியிலேயே செய்த முதல் முழுநீளப் படம். இன்று பார்த்தால் அதில் வரும் மனிதர்களின் தோல் பிளாஸ்டிக் வாளி மாதிரி பளபளக்கிறது. பக்கத்து வீட்டு நாயைப் பார்த்தால் நனைந்த தோல்பை ஞாபகம் வருகிறது. சரியாக 20 வருடம் கழித்து, 2015-இல் வந்தது த குட் டைனோசர். அமெரிக்க நிலவியல் ஆய்வு அமைப்பின் நிஜமான நில அளவைத் தரவுகளை வைத்து மலையையும் ஆற்றையும் எழுப்பியிருக்கிறார்கள். “அப்பா, இது நிஜ ஆறா?” என்று மகன் கேட்டான். கேட்ட இருபதாவது நிமிடம் லெகோ பெட்டியைத் திறந்துவிட்டான். அம்மா, “தண்ணி கல்லணையில தொறந்து விட்ட மாதிரி போவுது” என்றார். டைனோசரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த வாளித்தோல் படத்தைப் போட்டபோது இருவருமே கடைசிவரை அசையவில்லை.

பாதியில் தூக்கிப்போட்டு மறுபடி செய்தது காரணமாக இருக்குமோ என்று பார்த்தால், அதுவும் இல்லை. த குட் டைனோசருக்கு இடையில் இயக்குநரே மாறினார், வெளியீடு ஒன்றரை வருடம் தள்ளிப்போனது. டாய் ஸ்டோரி 2-க்கும் அதே கதிதான். வெளியாக ஒன்பது மாதம் இருக்கும்போது கதையைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்கள். ஆனால் அதற்குள் ஒரு கேள்வி இருந்தது: பொம்மை என்றைக்கும் உடையாமல் அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருப்பதா, நாளைக்கு வளர்ந்து தன்னை மறந்துவிடப் போகிற பையனிடம் திரும்பிப் போவதா? பெண்ணை வெளிநாட்டுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டில் இதை விளக்கத் தேவையில்லை. டைனோசர் படத்தில் தொலைந்த குட்டி வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

இனி அம்மாவின் தனிப்பட்ட தேர்வு, 2009-இல் வந்த அப். கான் திரைப்பட விழாவைத் தொடக்கிவைத்த முதல் அனிமேஷன் படம் அது. அந்தப் பெருமையெல்லாம் எங்கள் கூடத்தில் செல்லாது. கல்யாணம் முடிந்ததும் நாலைந்து நிமிடத்துக்கு வசனமே கிடையாது, இசை மட்டும். ஓர் ஆணும் பெண்ணும் வாழ்ந்து முதுமை அடைந்துவிடுகிறார்கள். அலமாரி மேல் ஒரு கண்ணாடி ஜாடி, அதில் பயணத்துக்காகச் சில்லறை சேர்க்கிறார்கள். கார் டயர் வெடிக்கிறது, ஜாடி உடைகிறது. கால் முறிகிறது, உடைகிறது. மரம் விழுந்து கூரை போகிறது, மறுபடியும் உடைகிறது. மூன்றாம் முறை அம்மா என் பக்கம் திரும்பி, “உண்டியல உடைக்காத குடும்பம் ஏதுப்பா” என்றார். குழந்தை இல்லை என்பதை மருத்துவமனை அறையில் குனிந்த ஒரு முதுகை வைத்தே சொல்லிவிடுகிறார்கள். மகள் என்னிடம் கேட்குமுன் அப்பாயி அவள் காதில் சொல்லிவிட்டார்.

அதே படத்தின் பின்பாதியில் நாய்கள் பேசுகின்றன, விமானம் ஓட்டுகின்றன. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், எனக்கும் சிரிப்பு வருகிறது. ஆனால் முன்பாதியைச் செய்த கை அது இல்லை.

அதற்கு முந்தைய வருடம் வந்த வால்-ஈ-க்கும் இந்த நோய் உண்டு. குப்பை மேடாகிப்போன பூமியில் ஒற்றை இயந்திரம், பேச்சில்லாமல், பழைய சாமான்களைப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்க்கிறது. பிடித்ததை வீட்டுக்கு எடுத்துப்போய் அடுக்கி வைக்கிறது. “கராங்குனி!” என்றார் அம்மா. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வாசலில் ஹாரன் அடித்துப் பழைய பேப்பர் வாங்குகிறவரைத் தெரிந்தவர்களுக்கு இதைவிடச் சரியான விமர்சனம் தேவையில்லை. பிறகு கதை விண்கலத்துக்குப் போகிறது, மனிதர்கள் பேசத் தொடங்குகிறார்கள், அம்மா கண்ணயர்ந்துவிடுகிறார். என்னைக் கேட்டால் முதல் பாதிக்கு அப்பைவிட வால்-ஈ ஒரு படி மேல். முழுப்படமாக எடுத்தால் அப்.

கார்ஸ் 2-ஐப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. சிறந்த அனிமேஷன் படத்துக்கு ஆஸ்கர் விருது கொடுக்கத் தொடங்கிய பிறகு, பரிந்துரைப் பட்டியலில்கூட இடம் பிடிக்காத முதல் பிக்சார் படம் இது. பள்ளிப்பையிலும் தண்ணீர்ப் புட்டியிலும் படமாகப் போட்டால் நன்றாக இருக்கும். மகனிடம் இரண்டும் உண்டு.

இன்சைட் அவுட்டில்தான் என் அளவுகோல் உடைந்தது. பேச்சு மிகுந்த படம். ஒரு பெண்ணின் தலைக்குள் ஐந்து உணர்ச்சிகள் உட்கார்ந்து விசைப்பலகையை இயக்குகின்றன. இதை வசனமில்லாமல் எப்படிப் புரிந்துகொள்வது? மகளுக்குத் தாய்மொழிப் பாடம் ஓடுகிற வீடு என்பதால் தொல்காப்பியத்தைத் துணைக்கு அழைத்தேன். அதில் மெய்ப்பாடு, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சி, எட்டு: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. பிக்சார் எடுத்துக்கொண்ட ஐந்தும் இதற்குள்ளேயே இருக்கின்றன: மஞ்சள் உவகை (மகிழ்ச்சி), நீல அழுகை, சிவப்பு வெகுளி (கோபம்), ஊதா அச்சம், பச்சை இளிவரல் (அருவருப்பு). நகை, மருட்கை, பெருமிதம் மூன்றுக்கும் அங்கே வேலை கொடுக்கவில்லை. “அப்போ நம்ம ஆளுங்க கம்பெனி பெருசு” என்றாள் மகள்.

அம்மாவுக்கு இந்தப் பட்டியல் தேவைப்படவில்லை. மறக்கப்பட்ட கற்பனைத் தோழன் ஒருவன், யானைத் தும்பிக்கையும் பஞ்சுமிட்டாய் உடம்புமாக வருவான். அவனுடைய ராக்கெட் வண்டியைக் குப்பையில் தள்ளிவிட்டதும் உடைந்துபோய் உட்கார்ந்துவிடுவான். உவகை கிச்சுகிச்சு மூட்டிப் பார்க்கிறது, கோமாளித்தனம் செய்கிறது, ஒன்றும் நடக்கவில்லை. அழுகை பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவன் சொல்வதைக் கேட்கிறது. அழுது முடித்ததும் அவன் எழுந்துவிடுகிறான். “துக்கம் கேக்கப் போனா அப்படித்தான் உக்காரணும்” என்றார் அம்மா. இயக்குநர் பீட் டாக்டர் இந்த இடத்துக்கு வர வருடக்கணக்கில் அலைந்திருக்கிறார். முதலில் உவகைக்குத் துணையாக அவர் அனுப்பியது அச்சத்தை. கதை நகரவில்லை என்று தெரிந்த பிறகுதான் அழுகை உள்ளே வந்தது.

2024-இல் வந்த இரண்டாம் பாகம் வசூலில் முதல் பாகத்தைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, ஏறக்குறைய 170 கோடி அமெரிக்க டாலர். படமாக அது முதல் பாகத்தின் நிழல்தான். அதே பயணம், அதே தொலைதல், அதே திரும்பி வருதல். புதிதாக வந்த நான்கு பேரில் மூவர் ஒப்புக்குத்தான். ஆனால் அந்த ஆரஞ்சு நிறப் பதற்றம் இருக்கிறதே, அது ஒன்றுக்காகவே எங்கள் வீட்டில் இந்தப் படம் நிற்கிறது. நாளை நடக்கப்போகும் நூறு விபத்துகளை ராத்திரி முழுக்க வரைந்து தள்ளும் அந்த உருவத்தைப் பார்த்துவிட்டு மகள், “அது நான்தான், எழுத்துச்சோதனைக்கு முந்தின நாள்” என்றாள். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு அவளுக்கு அடுத்த வருடம். அரையாண்டுத் தேர்வுகளைக் கல்வி அமைச்சு 2023-க்குள் எடுத்துவிட்டது, பதற்றம் மட்டும் பாடத்திட்டத்தில் இருக்கிறது. தரத்துக்கு முதல் பாகம். பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் இரண்டாம் பாகம். அம்மா இதை அரை மணி நேரம் பார்த்துவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் தேடினார்.

கோகோவா, எலிமெண்டலா என்ற போட்டியில் நான் நடுநிலை வகிக்க முடியாது. காரணம் பிறகு.

2017-இல் வந்த கோகோ மெக்சிக்கோவின் கதை. செத்தவர்களின் படங்களை அடுக்கி, வருடத்தில் ஒரு நாள் படையல் வைக்கிறார்கள். நினைவில் வைத்திருக்க ஆள் இல்லாமல் போனால் அந்த உயிர் மறு உலகத்திலும் மறைந்துபோகிறது. இதைப் புரிந்துகொள்ள உலகமெங்கும் மற்ற பிள்ளைகளுக்குப் பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். எங்கள் வீட்டில் மாலை போட்ட அப்பா படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் பார்த்தோம். இரண்டு உலகத்துக்கும் நடுவே பாலமாக விழுகிற ஆரஞ்சுப் பூ நம் செண்டுமல்லிதான், தேக்கா பூக்கடையில் தொங்குகிற அதே பூ. கதையிலும் ஓட்டை இல்லை. முன்பாதியில் சும்மா சொல்லிப்போகிற பாட்டு, கடைசியில் பேச்சு மறந்த கொள்ளுப்பாட்டியின் முன்னால் வந்து நிற்கும்போது முழுக் கணக்கும் தீர்கிறது. படத்துக்கும் அந்தப் பாட்டுக்கும் ஆஸ்கர் கொடுத்தார்கள், தகும்.

எலிமெண்டல் 2023. நெருப்பு மனிதர்கள் ஊர் விட்டு ஊர் வந்து, தண்ணீர்க்காரர்களின் நகரத்தில் கடை வைக்கிறார்கள். கடையை மகள் எடுத்து நடத்த வேண்டும் என்பது தகப்பனின் கனவு, மகளுக்கு மனம் வேறெங்கோ. இயக்குநர் பீட்டர் சோனின் பெற்றோர் கொரியாவிலிருந்து நியூயார்க் போய்க் கடை நடத்தியவர்கள். த குட் டைனோசரைக் கடைசியில் கையில் வாங்கியவரும் இவரேதான். சொந்தக் கதை கிடைத்ததும் ஆள் மாறிவிட்டார். இருந்தாலும் உவமை ஒழுகுகிறது. நெருப்பு நிஜமாகவே சுடும், அப்புறம் ஊரார் ஒதுங்கினால் அதை வெறுப்பு என்று எப்படிச் சொல்வது? நெருப்புக்காரர்கள் எல்லாரும் ஒரே பேட்டையில் அடைந்து கிடப்பதும் இங்கே வளர்ந்தவனுக்குக் கொஞ்சம் விநோதம். வீவக வீடுகளில் 1989 முதலே எந்த இனத்துக்கும் பேட்டை சேராதபடி விகிதம் வைத்திருக்கிறார்கள்.

திரையரங்கில் அடியில் சீன எழுத்து ஓட, அம்மா நடுவில் உட்கார்ந்து பார்த்தார். கடைசியில் மகள் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட வணங்குகிறாள். தன் தகப்பனிடமிருந்து அந்தப் பதில் வணக்கம் கிடைக்காமலே ஊரை விட்டு வந்தவர், பதிலுக்கு மண்டியிடுகிறார். நான் கடையை எடுக்கவில்லை. கணினி வேலைக்குப் போனேன். கடையை மூடிய அன்று அப்பா மிச்சமிருந்த மிட்டாய் ஜாடிகளைத் துடைத்து அட்டைப்பெட்டியில் அடுக்கினார், ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே கோகோதான் சிறந்த படம் என்று என் மூளை சொல்கிறது. எலிமெண்டலைப் பற்றி என்னிடம் தீர்ப்புக் கேட்காதீர்கள்.

டாய் ஸ்டோரியில் வரும் விண்வெளி வீரப் பொம்மை பஸ் லைட்இயரை மனிதனாக்கிய படம் லைட்இயர். அதைக் குடும்பத்தோடு பார்க்கும் பேச்சே எழவில்லை. 2022-இல் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் அதற்கு என்சி16 தரம் கொடுத்தது, அதாவது பதினாறு வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. இரண்டு பெண்களின் திருமண வாழ்க்கையும் ஒரு முத்தமும் காரணம். பஸ் பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்கிய மகனுக்கு அப்போது ஐந்து வயது. பிறகு நான் மட்டும் பார்த்தேன். சர்ச்சையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு சுமாரான விண்வெளிப் படம். பொம்மையாக இருந்த பஸ்ஸிடம் இருந்த அசட்டுக் கம்பீரம், மனிதனாக்கிய பஸ்ஸிடம் இல்லை.

சனிக்கிழமை என்ன போடுவது என்ற சண்டை இன்னும் தீரவில்லை. மகளுக்குப் பதற்றம் வேண்டும், மகனுக்குக் கார் வேண்டும். அம்மா பெயர் சொல்ல மாட்டார், “அந்த உண்டியல் படம்” என்பார். போட்டால் வீடு பலூனில் பறக்கிற வரைக்கும் அசையமாட்டார். நாய்கள் பேசத் தொடங்கியதும் எழுந்து தேநீர் போடப் போய்விடுவார். கிழவர் மனைவியின் பழைய ஆல்பத்தைத் திறந்து, காலியாக இருக்கும் என்று நினைத்த பக்கங்களைப் புரட்டுகிற காட்சி ஒன்று பின்னால் வரும். அம்மாவுக்கு அது எப்போது வரும் என்று சமையலறையிலிருந்தே இசையை வைத்துத் தெரியும். ஐந்து கோப்பையையும் தட்டில் ஏந்திக்கொண்டு அதற்குச் சரியாக வந்து உட்கார்ந்துவிடுவார்.