சாஞ்சியா, அஜந்தாவா?

பழைய பௌத்தத் தலங்களுள் ஒன்றுக்கு மட்டுமே நேரம் வாய்க்குமெனில், எளிதானது சாஞ்சி: போபாலிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர், குன்றின் மேல் எல்லாம் அருகருகே இருப்பதால் அரை நாள் போதும். அசோகர் காலத்தில் செங்கல்லால் எழுந்த பெருந்தூபியைவிட, பின்னர் சேர்ந்த நான்கு தோரண வாயில்களே கண்ணை ஈர்க்கின்றன. அவற்றில் புத்தர் மனித உருவில் இல்லை, வெற்று ஆசனமும் போதிமரமும் பாதச்சுவடுமே அவரைச் சுட்டுகின்றன.

அஜந்தாவிலோ, வாகோரா ஆற்றின் வளைவில் குடைந்த சுமார் 30 குகைகளையும் ஏறி இறங்கிப் பார்க்க ஒரு முழு நாள் வேண்டும், திங்கட்கிழமை விடுமுறை. ஆனாலும் என் தேர்வு அஜந்தாவே: முதல் குகையின் மங்கிய ஒளியில் கண் பழகப் பழக, சுவரோவியத்தில் தாமரை ஏந்திய பத்மபாணி என்னும் போதிசத்துவரின் தாழ்ந்த இமைகள் துலங்கி வருவதும், 26ஆம் குகையில் பரிநிர்வாணம் எனப்படும் இறுதி மறைவு நிலையில் புத்தர் சிலை சுவர் நெடுகப் படுத்திருப்பதும் சாஞ்சியில் கிடைக்காதவை. முழங்கால் வலி உள்ளவர்கள் மட்டும் சாஞ்சிக்கே போகலாம்.