மழையா, ஜன்னலா? வீட்டு ஆண்டெனாவுடன் இரண்டரை ஆண்டுகள்

2023 பிப்ரவரியில் அம்மாவின் அறைக்கு ஒரு சிறிய தொலைக்காட்சி வாங்கினோம். சிங்கப்பூரின் அங் மோ கியோ வட்டாரத்தில் ஒன்பதாம் மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. கூடத்துச் சுவரில் ஆண்டெனா இணைப்பு இருக்கிறது, அம்மாவின் அறையில் இல்லை. இணையத்தில் பார்ப்பது அம்மாவுக்குப் பிடிக்காது. ஒரு பொத்தானை அழுத்தினால் வசந்தம் ஒளிவழியில் செய்தி வரவேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. ஆகவே முப்பது வெள்ளிக்குள் ஒரு தட்டை ஆண்டெனா வாங்கினேன். எழுதும் தாள் அளவு, கறுப்பு நிறம், கேபிளின் நடுவே சிறிய சிக்னல் பெருக்கி.

முதல் நாள் தொலைக்காட்சிக்குப் பின்னால் செருகினேன். படம் பளிச்சென்று வந்தது. அந்தப் படத்தை நம்பியதுதான் தவறு. 2019 தொடக்கத்தில் அனலாக் ஒளிபரப்பு நின்ற பிறகு இங்கு டிவிபி-டி2 எனப்படும் மின்னிலக்க (டிஜிட்டல்) ஒளிபரப்பு முறைதான். அனலாக்கில் சிக்னல் குறையக் குறையத் திரையில் புள்ளி கூடும், படம் மங்கும், ஆனாலும் ஆள் தெரியும். மின்னிலக்கத்தில் அப்படி எச்சரிக்கை எதுவும் கிடையாது. ஓர் எல்லைவரை படம் குறையே இல்லாமல் இருக்கும், அதற்குக் கீழே இறங்கியதும் கட்டம் கட்டமாகச் சிதறி உறைந்துவிடும். எல்லையை ஒட்டித் தள்ளாடும் இடமும் மிக நல்ல இடமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். தொலைக்காட்சி அமைப்புப் பட்டியலில் சிக்னல் வலிமை, சிக்னல் தரம் என்று இரண்டு கோடுகள் இருக்கும். தரம் காட்டும் கோட்டைப் பார்த்துத்தான் இடத்தை முடிவுசெய்ய வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முறையாக உட்கார்ந்தோம். ஒளிபரப்புக் கோபுரம் புக்கிட் பாத்தோக் குன்றின் மேல் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து ஏறத்தாழ மேற்கே, பத்து கிலோமீட்டருக்குள். அம்மாவின் ஜன்னலும் மேற்குப் பார்த்ததுதான், ஆனால் எதிர் புளோக் பாதி வானத்தை மறைக்கிறது. நான் ஆண்டெனாவைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நகர, அம்மா கட்டிலில் அமர்ந்து எண்களைப் படித்தார். "நாற்பத்தெட்டு... ஐம்பத்தைந்து... எழுபது! நில், தம்பி, அசையாதே!" ஒவ்வோர் இடத்திலும் பென்சிலால் ஒரு கோடு. ஒரு சாண் தள்ளினால் எழுபது ஐம்பதாகிவிடும். இந்த அலைகளின் நீளமே ஏறக்குறைய அரை மீட்டர்தான். நேராக வரும் அலையும் கட்டடங்களில் மோதித் திரும்பும் அலையும் ஓரிடத்தில் கூடும், ஒரு சாண் தள்ளி ஒன்றையொன்று குறைக்கும். வரைபடத்தில் கோடு போட்டு நான் கணித்த திசையைவிட, இரு புளோக்குகளுக்கு இடைப்பட்ட வெளியை நோக்கி வைத்தபோதே தரம் கூடியது. சாளரத் திரை தொங்கும் உலோகக் கம்பியை நெருங்கினால் உடனே சரிந்தது.

நல்ல இடம் கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் மழை பெய்தால் படம் உடைந்தது. மின்னல், இடி, உடனே வசந்தம் உறைந்துபோகும். "மழைக்கு முன்பே செய்தி வாசித்துவிட்டால் நன்றாயிருக்கும்" என்பார் அம்மா. மழைதான் சிக்னலைத் தின்கிறது என்று எட்டு மாதம் நானும் நம்பினேன். உண்மையில் இந்த அலைவரிசையில் மழைத்துளிகளால் வரும் இழப்பு மிகச் சொற்பம்.

அந்த அக்டோபரில் புகைமூட்டம் வந்தது. மழை ஒரு துளி இல்லை. புகைக்குப் பயந்து ஜன்னல்களை மூடினோம், படம் சிதறியது. திறந்தேன், வந்தது. மூடினேன், போனது. மேற்கு வெயிலுக்காகக் கண்ணாடியில் ஒட்டியிருந்த வெயில் தடுப்புப் படலம் உலோகப் பூச்சு உள்ளது. மழை வந்தால் ஜன்னலை மூடுகிறோம், மூடியதும் அந்த உலோகத் திரை ஆண்டெனாவுக்கு முன்னால் வந்து நிற்கிறது. இத்தனை நாளும் பழி மட்டும் மழைக்கு.

படலத்தில் சின்ன ஓட்டை போட்டுப் பயனில்லை, அரை மீட்டர் அலைக்கு அது போதாது. ஒரு ஜன்னல் கதவின் கண்ணாடியில் மட்டும் சோப்பு நீர் தெளித்து, பிளேடால் முழுப் படலத்தையும் சுரண்டி எடுத்தேன். ஒரு பிற்பகல் முழுக்கப் பிடித்தது. ஜன்னலை மூடிவைத்தே தரம் எழுபத்தைந்தைத் தொட்டது.

பொருத்தும் முறையிலும் பாடம் உண்டு. முதலில் இருபக்க ஒட்டுநாடாவால் கண்ணாடியிலேயே ஒட்டினேன். வெயிலில் பசை இளகி, மூன்றே வாரத்தில் விழுந்தது. இப்போது ஜன்னலுக்கு மேலுள்ள மரச்சட்டத்திலிருந்து ஒரு மெல்லிய பலகையைத் தொங்கவிட்டு, அதில் பிளாஸ்டிக் பிடிகளால் பொருத்தியிருக்கிறேன். கண்ணாடிக்கும் ஆண்டெனாவுக்கும் நான்கு விரல் இடைவெளி. ஜன்னலுக்கு வெளியே கட்டலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். ஒன்பதாம் மாடியிலிருந்து எது விழுந்தாலும் கீழே நடப்பவரின் உயிர். அந்த யோசனையை நான் எடுத்துக்கொள்ளவே இல்லை.

பெருக்கியைக் கழற்றிவிட்டேன். அதை இணைத்தால் வலிமைக் கோடு ஏறுகிறது, தரக் கோடு இறங்குகிறது. சிக்னலோடு இரைச்சலையும் பெருக்கி, தன் இரைச்சலையும் அது சேர்த்துவிடுகிறதே! கோபுரத்திலிருந்து வெகுதொலைவில் இருப்பவர்களுக்கும், நீண்ட கேபிள் இழுப்பவர்களுக்கும் அது உதவலாம். எனக்கு மூன்று மீட்டர் கேபிளே போதுமானதாக இருந்தது. இருபதாம் மாதத்தில் ஒருமுறை படம் தடுமாறியது. கேபிள் முனையில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. புது முனை பொருத்தியதும் சரியானது.

ஒரு குறை மட்டும் பாக்கி. படலம் எடுத்த கண்ணாடி வழியாகப் பிற்பகல் வெயில் கட்டில்வரை வருகிறது. சென்ற வாரம் தடித்த திரைச்சீலை தைக்கக் கொடுத்தோம். பளபளக்கும் துணி ஒன்றைக் கடைக்காரர் எடுத்து விரித்ததும், உலோக இழை கலந்தது வேண்டாம், பருத்தி போதும் என்று அம்மாவே சொல்லிவிட்டார்.