26,000 ரூபாய்க்கு வாங்கிய இரண்டு டப்பா

வண்டியின் இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி மாட்டிக்கொண்டு ஊர் சுற்றும் ஆசை உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கும் அந்த ஆசை இருந்தது. கடையின் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இதே வேலையை இதே மாதிரி செய்கிற கடைகள் வேறு ஊர்களிலும் இருப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள்.

வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக், 2021 மாடல். நானும் மனைவியும் வருடத்துக்கு இரண்டு முறையாவது நீண்ட தூரம் போவோம். இதுவரை துணிப்பையும் பஞ்சி கயிறும்தான் (இரண்டு முனையிலும் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு). மழை வந்தால் பாலித்தீன் உறை போட வேண்டும், சாப்பிட இறங்கினால் ஒருவர் வண்டியைப் பார்த்தபடி உட்கார வேண்டும், லாட்ஜில் இறங்கியதும் பையைக் கழற்றவே கால் மணி நேரம் ஆகும். பூட்டுப் போட்ட பெட்டி இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை என்றுதான் சென்னையில் அந்தக் கடைக்குப் போனேன்.

கடை வாசலிலேயே என் வண்டி மாதிரியே ஒரு வண்டியை முழு அலங்காரத்தோடு நிறுத்தியிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு எவனும் கேள்வி கேட்க மாட்டான், நானும் பாதிதான் கேட்டேன். பெட்டி தலா 36 லிட்டர். ஸ்டே, அதாவது பெட்டியை வண்டியோடு பிடித்துத் தாங்கும் குழாய்ச் சட்டம், என்ன மெட்டல் என்று கேட்டதற்கு, "ஃபுல்லா 304 எஸ்.எஸ். சார், மேல பவுடர் கோட்டிங், லைஃப்ல கவலையே இல்ல" என்றார் கடைக்காரர். 304 எஸ்.எஸ். என்றால் எளிதில் துருப்பிடிக்காத ஒரு வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். எவ்வளவு எடை தாங்கும் என்றேன், பக்கத்துக்கு 15 கிலோ என்றார். வலது பக்கம் சைலன்சர் மேலே தூக்கி நிற்கிறதே, அதற்கு என்ன செய்வீர்கள் என்றதற்கு, "அதுக்குத் தனி டிசைன் சார்". பெட்டி, ஸ்டே இரண்டும் சேர்த்து 24,500, மாட்டும் கூலி 1,500. பணத்தை ஜிபேயில் ஒரு தனிநபர் நம்பருக்கு அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். பில் கேட்டபோது மேலே 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டில் 'பாக்ஸ் செட் 1' என்று எழுதிக் கொடுத்தார்கள். ஜி.எஸ்.டி. பில் வேண்டுமென்றால் கூடுதலாக ஆகும் சார் என்றபோதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

இரண்டு மணி நேர வேலை என்றவர்கள் சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் வண்டியைக் கொடுத்தார்கள். நடுவில் நான்கு தடவை டீ குடிக்க அனுப்பினார்கள். அந்த டீ நேரத்தில்தான் பின் ஃப்ரேமில் ஓட்டை போட்டிருக்கிறார்கள். இது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் டேப் வைத்து அளந்தேன். 'தனி டிசைன்' என்று ஒன்றும் கிடையாது. இரண்டு பக்கமும் ஒரே அளவுப் பெட்டி, வலது பக்கத்தை மட்டும் சைலன்சரில் இடிக்காமல் இருக்க நீளமான புஷ் (இடைவெளிக்கு வைக்கும் குழாய்த்துண்டு) போட்டு வெளியே தள்ளியிருந்தார்கள். சைலன்சர் மேலே ஏறி நிற்கும் வண்டிகளுக்கு ஒழுங்காகச் செய்பவர்கள் அந்தப் பக்கத்துப் பெட்டியைச் சிறியதாகவோ, உள்பக்கம் வெட்டு விட்டோ செய்வார்கள். இங்கே ஒரு பெட்டியின் விளிம்பிலிருந்து மறு பெட்டியின் விளிம்புவரை 108 சென்டிமீட்டர். வண்டியின் சொந்த அகலமே 84 தான். முன்னால் ஹேண்டில்பார் நுழைந்துவிட்டால் பின்னால் உடம்பும் நுழைந்துவிடும் என்பதுதான் ஓட்டுகிறவன் மனதில் பதிந்திருக்கும் கணக்கு. அது பொய்யாகிவிட்டால் போலீஸ் பேரிகேடு, இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் உள்ள சந்து, வீட்டு கேட் எல்லாமே ஆபத்துதான்.

எனக்கு அது தெரிந்த இடம் டோல்கேட். வால்பாறை போகலாம் என்று அதிகாலை நாலரைக்குக் கிளம்பி, செங்கல்பட்டுக்கு முன்னால் வரும் டோலில், இடது ஓரமாக டூவீலருக்கு விட்டிருக்கும் குறுகலான வழியில் வழக்கம்போல நுழைந்தேன். வலது பெட்டி கான்கிரீட் கட்டையில் உரசி, வண்டி ஒரு கணம் குறுக்கே திரும்பியது. வேகம் இல்லாததால் பிழைத்தோம். "அன்னிக்கே அளந்தீங்கல்ல?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அளந்தேன், உண்மைதான்.

உளுந்தூர்பேட்டை தாண்டியதும் அடுத்த பிரச்சினை. 80 வரை ஒழுங்காகப் போன வண்டி, 85 தொட்டதும் முன்பக்கம் லேசாகி, ஹேண்டில் மெதுவாக ஆட ஆரம்பித்தது. லாரியை முந்தும்போது காற்று அடித்தால் இன்னும் மோசம். டயர் காற்று குறைவோ என்று நிறுத்திப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. பிறகுதான் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளி நின்று பார்த்தேன். இரண்டு பெட்டியுமே பின்சக்கரத்தின் அச்சுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தன. அச்சுக்குப் பின்னால் போகிற ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கிவிடும், ஸ்டியரிங்கின் பிடி போய்விடும். நல்ல ஸ்டேயில் பெட்டி முடிந்த அளவு முன்னாலும் கீழேயும் உட்காரும். இது வேறு ஏதோ வண்டிக்குச் செய்த ஸ்டே, நாலு பட்டையை வளைத்து என் வண்டியில் உட்கார வைத்திருக்கிறார்கள். அதன் முன்குழாய் போதாக்குறைக்கு மனைவியின் குதிகாலில் உரசிக்கொண்டே வந்தது. மாட்டிய அன்றே இதைக் கடையில் சொன்னோம், "பழகிடும் மேடம்" என்றார்கள். சேலம் வருவதற்குள் ஷூவின் பின்பக்கம் தேய்ந்துவிட்டது.

பின் சஸ்பென்ஷனில் ப்ரீலோடு (ஸ்பிரிங்கின் இறுக்கம்) ஏற்றி, கனமான சாமான்களைப் பெட்டியின் முன்மூலைக்கு மாற்றி, 75-க்கு மேல் போகாமல் ஒருவழியாகப் பொள்ளாச்சி சேர்ந்தோம். இரவு பெய்த மழையில் வலது பெட்டிக்குள் தண்ணீர். ரிவெட் அடித்த இடங்களில் சீலண்ட் எதுவும் பூசவில்லை. துணியெல்லாம் உள்சுவரில் உரசி கரிப்பிடித்த மாதிரி கறுத்திருந்தது. அலுமினியம் உரசினால் அப்படித்தான் கறுப்பாகும், அதற்குக் கடையைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே ஒரு துணிப்பை வைத்து அதில் சாமான் போட்டிருந்தால் தப்பித்திருக்கலாம்.

மறுநாள் காலை ஆழியார் தாண்டி மலை ஏறினோம். வால்பாறை ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் நின்று அணையைப் பார்த்தோம், கொஞ்சம் மேலே இரண்டு வரையாடுகள்கூட ரோட்டோரச் சுவரில் நின்றன. அதுவரை அந்தப் பயணத்தில் நடந்த ஒரே நல்ல விஷயம் அதுதான். இருபதாவது வளைவைத் தாண்டி எங்கோ, எதிரே பஸ் இறங்கி வந்ததும் ஓரம் கட்டினேன். ரோடு விளிம்பில் ஒரு சின்னப் பள்ளம், அரை அடிகூட இருக்காது. டக் என்று ஒரு சத்தம். நாலைந்து மீட்டர் போவதற்குள் ரப்பர் தீய்ந்த வாசனை. இறங்கிப் பார்த்தால் இடது ஸ்டே மேல் மூட்டில் முழுசாக உடைந்து, பெட்டி உள்பக்கம் சாய்ந்து பின்டயரில் தேய்த்துக்கொண்டிருந்தது. இறங்கும் வழியில் 40 கிலோமீட்டர் வேகத்தில் இது நடந்திருந்தால் டயர் பூட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் யோசிக்க விருப்பமில்லை.

பெட்டியைக் கழற்றி, துப்பட்டாவாலும் பஞ்சி கயிற்றாலும் ஸ்டேயை இழுத்துக் கட்டினோம். கீழே போய்க்கொண்டிருந்த எஸ்டேட் ஜீப்காரர் ஒருவர் நிறுத்தி விசாரித்து, இரண்டு பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போய் ஆழியார் செக்போஸ்ட்டில் இறக்கி வைத்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

பொள்ளாச்சி போகும் வழியில் கேட், கிரில் செய்யும் பட்டறை ஒன்று. அங்கிருந்த பெரியவர் உடைந்த முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, இதை எஸ்.எஸ்.ன்னா சொன்னாங்க? குழாய்க்குள்ள பாருங்க." உள்ளே நல்ல துரு. மூலை மட்டம் பிடிக்க வைத்திருக்கும் காந்தத்தை எடுத்து ஸ்டேயில் வைத்தார், பச்சக் என்று ஒட்டிக்கொண்டது. சாதாரண இரும்புக் குழாய், மேலே கறுப்பு பவுடர் கோட்டிங். 304 எஸ்.எஸ். என்றால் காந்தம் இப்படி ஒட்டாது. வளைத்த இடத்தில், வெல்டிங் இடத்தில் கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். ஆனால் இரும்புக் குழாய் என்பதால் மட்டும் உடையவில்லை என்பதையும் அவரே காட்டினார். மூட்டைச் சுற்றி முழுசாக வெல்டிங் ஓட்டாமல் இரண்டு மூன்று இடத்தில் பொட்டு வைத்துவிட்டு, பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும் என்று அதையும் கிரைண்டர் வைத்துத் தேய்த்துச் சமமாக்கியிருக்கிறார்கள். பிடித்திருந்த கொஞ்சநஞ்ச உலோகமும் அதில் போயிற்று. மேலே பெயிண்ட் ஏறிய பிறகு யாருக்குத் தெரியும்?

இன்னொன்றும் சொன்னார். இடது ஸ்டேயையும் வலது ஸ்டேயையும் பின்னால் இணைக்கும் குறுக்குப் பட்டை இல்லை. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாக உள்ளும் வெளியும் ஆடும், ஆட்டம் முழுவதும் மேல் மூட்டில்தான் இறங்கும். அவர் முக்கோணத் தகடு வைத்து இரண்டு பக்கமும் வெல்டிங் ஓட்டி, நம்பர் பிளேட்டுக்குக் கீழே குறுக்குப் பட்டையும் போட்டுக் கொடுத்தார். 450 ரூபாய். வெல்டிங் அடிக்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றச் சொன்னதும் அவர்தான். அந்த வேலை சென்னைவரை அசையவில்லை. 26,000 வாங்கியவன் செய்யாததை 450-க்கு ஒருவர் செய்தார் என்று மனைவி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சென்னை வந்து கடைக்குப் போனேன். முதல் வார்த்தையே "ஓவர்லோடு சார்". கிளம்பும் முன் கைத்தராசில் எடை போட்டு ஃபோட்டோ எடுத்து வைத்திருந்தேன், இடது 9.5 கிலோ, வலது 8. அவர் சொன்ன 15-க்குப் பக்கத்தில்கூட இல்லை. ஃபோட்டோவைக் காட்டியதும் "ஆஃப்ரோடு ஓட்டியிருப்பீங்க" என்றார். வால்பாறை ரோடு ஆஃப்ரோடாம். அப்புறம், வெளியே வெல்டிங் அடித்துவிட்டதால் வாரண்டி இல்லை என்றார். கடைசியில் அந்தத் துண்டுச் சீட்டை என்னிடமே திருப்பிக் காட்டி, இதில் ஸ்டே என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். எழுதியிருக்கவில்லைதான்.

பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது சும்மா என் சாவியை எடுத்து டிஸ்ப்ளே வண்டியின் பெட்டியில் போட்டுத் திருப்பினேன். திறந்துகொண்டது. பக்கத்தில் இருந்த புதுப் பெட்டியும் திறந்தது. இத்தனை நாள் பூட்டியிருக்கிறது என்ற தைரியத்தில் சாலையோரத்தில் லேப்டாப்பை விட்டுவிட்டுச் சாப்பிட்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் சர்வீஸ் சென்டரில் விட்டபோதுதான் ஃப்ரேம் ஓட்டை வெளியே வந்தது. போல்ட் போட ஏற்கெனவே துளைகள் இருக்கும்போது, அவர்களுடைய பட்டை அதில் பொருந்தவில்லை என்பதற்காகப் புதிதாக டிரில் போட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் பெயிண்ட் போய் துரு பிடிக்க ஆரம்பித்திருந்தது. இனி ஃப்ரேமில் ஏதாவது வந்தால் கம்பெனி வாரண்டி கேட்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். போல்ட்களின் தலையில் வலுவைக் காட்டும் 8.8 என்ற முத்திரைகூட இல்லை, அதிர்வில் எளிதில் கழலாத நைலாக் நட்டும் கிடையாது. இரண்டு நட்டு கையாலேயே கழன்றன.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொன்னேன். நாலு நாளில் கடையிலிருந்து ஃபோன், 5,000 தருகிறோம், புகாரை எடுத்துவிடுங்கள் என்று. மறுத்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போட்டிருக்கிறேன். வாங்கிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஒழுங்கான பில் இல்லாததுதான் என் பக்கத்து ஓட்டை. ஜிபே ரசீதும், "304 எஸ்.எஸ். சார்" என்று அவர்களே வாட்ஸப்பில் அனுப்பிய செய்தியும் இருக்கின்றன. அதனால் கொஞ்சம் நம்பிக்கை. யாராவது வாங்கப் போனால் கடைக்காரர் வாயால் சொல்வதை வாட்ஸப்பில் ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் விஷயம் புரிந்துவிடும்.

பெட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நண்பர் ஒருவர் கிவி (Givi) என்ற கம்பெனியின் பெட்டி வைத்திருக்கிறார். பக்கத்துக்கு 10 கிலோதான், 120-க்கு மேல் ஓட்டாதே என்று கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கிறது. 15 கிலோ, 20 கிலோ என்று வாய்க்கு வந்ததைச் சொல்லும் கடையைவிட, கம்மியாக எழுதிக் கொடுப்பவனை நம்பலாம். விலை அதிகம், உண்மை. இப்போதைக்கு நாங்கள் மறுபடியும் துணிப்பைக்கே போய்விட்டோம், கீழே விழுந்தாலும் காலை நசுக்காது.

ஏற்கெனவே இந்த மாதிரி ஸ்டே மாட்டியிருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கழற்றிவிட்டு, மேல் மூட்டைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். பெயிண்டில் முடி அளவு கீறல், அதிலிருந்து பழுப்பாக ஒரு கோடு வழிந்திருந்தால் உள்ளே விரிசல் விட்டாயிற்று. அதோடு மலை ஏறாதீர்கள்.