ஓப்பன்வர்ட்: திருத்தங்களுக்கு முழு மதிப்பெண், பேக்கப்புக்குப் பாதிதான்

ரவுட்டர் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். தயாரித்தவர்கள் மட்டும் புதிய ஃபர்ம்வேர் (ரவுட்டரை இயக்கும் மென்பொருள்) தருவதை நிறுத்தியிருப்பார்கள். அப்படிக் கைவிடப்பட்ட பெட்டிகளுக்கு நான் தயங்காமல் சொல்வது ஓப்பன்வர்ட்: தயாரிப்பாளரின் ஃபர்ம்வேருக்குப் பதிலாக நாமே ஏற்றிக்கொள்ளும் திறந்தமூல ஃபர்ம்வேர். பாதுகாப்பு ஓட்டைகளுக்கான திருத்தங்கள் மறுபடியும் வரத் தொடங்கும் என்பதே இதை ஏற்றுவதற்குப் போதுமான காரணம்.

குறையே வராத மென்பொருள் என்று இதை நான் நம்பவில்லை. 2024 டிசம்பரில் இதன் மேம்படுத்தல் சேவையகத்திலேயே ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. கோப்பை அடையாளம் காண வேண்டிய ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், திருப்பிப் படிக்க முடியாத கைரேகை போன்ற குறியீடு) 12 எழுத்துகளாக வெட்டப்பட்டிருந்ததால், போலியான ஃபர்ம்வேரைப் பயனரிடம் தள்ளிவிட வழி இருந்தது. சேவையகத்தை உடனே நிறுத்திச் சரிசெய்தார்கள். நடந்ததை வெளிப்படையாக எழுதி, அதே பதிப்பை மீண்டும் ஏற்றிக்கொள்ளும்படியும் சொன்னார்கள். என் நம்பிக்கை கூடியது அதனால்தான். ஃபர்ம்வேர் கோப்பைப் பதிவேற்றியதும் திரையில் அதன் ஹாஷான எஸ்எச்ஏ-256 எண் தெரியும். தரவிறக்கப் பக்கத்தில் உள்ள எண்ணோடு அதை ஒப்பிட்ட பிறகே தொடருங்கள்.

ரவுட்டர் அமைப்புகளின் பேக்கப் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். பொத்தானை அழுத்தினால் ஒரு டார் கோப்பு (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய பொதி) வந்து விழுகிறது. பூட்ட ஒரு கடவுச்சொல் கூடக் கேட்பதில்லை. அதைப் பிரித்து, 'வயர்லெஸ்' கோப்பைத் திறந்து பாருங்கள்: வைஃபை கடவுச்சொல் அப்பட்டமாக எழுதப்பட்டிருக்கும். 'நெட்வொர்க்' கோப்பில் இணைய இணைப்பின் கடவுச்சொல், வயர்கார்டு என்ற விபிஎன் வைத்திருந்தால் அதன் ரகசியச் சாவி. நிர்வாகியின் கடவுச்சொல் மட்டும் ஹாஷ் வடிவில் இருக்கிறது. இவ்வளவையும் சுமந்த கோப்பு பலருடைய கணினியில் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையிலேயே கிடக்கிறது, சத்தமில்லாமல் மேகச் சேமிப்புக்கும் போய்விடுகிறது.

நான் அதை உடனே ஜிபிஜி என்ற மறையாக்க மென்பொருள் மூலம் பூட்டி, பூட்டிய நகல் திறக்கிறதா என்று சோதித்த பிறகே மூலக்கோப்பை அழிக்கிறேன். பூட்டிய நகல் ரவுட்டரோடு தொடர்பில்லாத ஒரு வட்டில் இருக்கிறது. பேக்கப்போடு பதிப்பு எண்ணையும் குறித்துவையுங்கள். 19.07-இலிருந்து 21.02-க்கு மாறியபோது பல ரவுட்டர்களில் பழைய அமைப்புகளை அப்படியே எடுத்துச்செல்ல முடியவில்லை. நெட்வொர்க் பகுதியின் கட்டமைப்பே மாறியிருந்தது.

பேக்கப் எடுக்கும் பக்கத்திலேயே கடவுச்சொல்லுக்கு ஒரு பெட்டி வைத்தால் முழு மதிப்பெண் தருவேன். 4 எம்பி ஃபிளாஷ் (சேமிப்பிடம்), 32 எம்பி ரேம் அளவிலான பழைய ரவுட்டரில் இதை ஏற்றப் பார்க்காதீர்கள். புதிய பதிப்புகளுக்கு அந்த இடம் போதாது.