போர்ஷே 944 டர்போ: பூஸ்ட் ஏற்றும் முன் ரப்பரைப் பாருங்கள்

1985 முதல் 1991 வரை வந்த 944 டர்போவை நெடுநாள் வைத்து ஓட்டுபவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். இந்த வண்டியில் இரும்பும் அலுமினியமும் லேசில் கெடாது. கெடுவது ரப்பர்தான். பெல்ட், ஹோஸ், எஞ்சின் மவுண்ட், பெட்ரோல் லைன், கிளட்ச் டிஸ்க்கின் நடுப்பகுதி எல்லாம் முப்பது வருஷத்துக்கு மேல் சூட்டில் வெந்தவை. பவர் கூட்ட எஞ்சின் கணினிக்குச் சிப் வாங்க எடுத்துவைத்த பணம் முதல் வருஷம் முழுக்க இவற்றுக்கே போகட்டும்.

பெல்ட்டில் தொடங்க வேண்டும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுக்கு ஒரு பல் பெல்ட், எஞ்சின் அதிர்வைக் குறைக்கும் இரண்டு பேலன்ஸ் ஷாஃப்டுகளுக்கும் சேர்த்து இன்னொன்று. கேம் பெல்ட் அறுந்தாலோ பல் தாண்டினாலோ பிஸ்டன் வால்வில் இடிக்கும். வால்வு வளையும், ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். பேலன்ஸ் பெல்ட் அறுந்தால் அதனால் நேரடிச் சேதம் இல்லை என்று விட்டுவிடக் கூடாது. அறுந்த துண்டு கேம் பெல்ட்டில் சிக்கி அதையும் இழுத்துக்கொண்டு போய்விடும். 50,000 கி.மீ. அல்லது 4 வருஷம், எது முந்துகிறதோ அப்போது மாற்றுங்கள். பழைய ரசீது இல்லாத வண்டியை வாங்கினால், பெல்ட் மாற்றும்வரை ஓட்டவே வேண்டாம்.

டென்ஷனை விரலால் முறுக்கிப் பார்த்து வைக்கும் பழக்கம் இந்த எஞ்சினுக்கு ஆகாது. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், முதல் சிலிண்டர் டிடிசி-யில் (பிஸ்டன் உச்சியில் இருக்கும் நிலை) நிற்க வேண்டும். பெல்ட் இறுக்கத்தை அளக்கும் போர்ஷேயின் பி9201 கேஜில் புதிய கேம் பெல்ட்டுக்கு 4.0, பேலன்ஸ் பெல்ட்டுக்கு 2.7; இரண்டிலும் 0.3 கூடக் குறைய இருக்கலாம். தளர்ந்தால் பல் தாண்டும். இறுக்கினால் ஊளைச் சத்தம் வரும்; கேம் பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுவதால் பம்பின் பேரிங்கும் சீக்கிரம் போகும். பேலன்ஸ் பெல்ட்டின் ஐட்லர் ரோலர் பெல்ட்டைத் தொடக் கூடாது, 0.5 மி.மீ. இடைவெளி விடுங்கள். பேலன்ஸ் ஷாஃப்ட் ஒன்றின் குறி மாறிப்போனால் வண்டி முழுக்க உதறும். புது பெல்ட் கொஞ்சம் நீளும் என்பதால் 3,000 கி.மீ. கழித்து மறுபடி கேஜ் வைத்துப் பாருங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 1987 நடுவில் வந்த ஸ்பிரிங் டென்ஷனர் உள்ள எஞ்சின்களிலும் கேஜ் வைத்து ஒருமுறை உறுதி செய்வது நல்லது.

முன்பக்கம் திறந்திருக்கும்போதே வாட்டர் பம்ப், ரோலர்கள், கிராங்க், கேம், பேலன்ஸ் ஷாஃப்ட் சீல்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். எண்ணெய் நனைத்த பெல்ட் நாள் தாங்காது. கிராங்க் போல்ட்டுக்கு 210 நியூட்டன் மீட்டர். ஃப்ளைவீல் லாக் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள்.

அடுத்து, வண்டி இழுக்கவில்லை என்ற குறை. பூஸ்ட் என்பது டர்போ எஞ்சினுக்குள் திணிக்கும் கூடுதல் காற்றழுத்தம். டேஷ்போர்டில் உள்ள பூஸ்ட் மீட்டர் வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து மொத்த அழுத்தத்தைக் காட்டுவது. எஞ்சின் நின்றிருக்கும்போது 1 பார் காட்டும். 220 குதிரைத்திறன் மாடலில் முழு ஆக்சிலரேட்டரில் சுமார் 1.75 வர வேண்டும், அதாவது 0.75 பார் பூஸ்ட். 1.4, 1.5-இலேயே நின்றால் டர்போவைக் குறை சொல்லாதீர்கள். முதலில் கசிவைத் தேடுங்கள்.

ஏர்ஃப்ளோ மீட்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள வளைந்த ரப்பர் குழாயைக் கழற்றி, டர்போவின் வாயில் அடைப்பு வைத்து, ரெகுலேட்டர் வழியாக 0.7 பார் காற்று ஏற்றுங்கள். சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி எங்கே என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் இன்டர்கூலர் பைப் இணைப்புகள், இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஓடும் சின்ன வேக்கம் ஹோஸ்கள், உள்ளே டயஃப்ரம் கிழிந்த ரீசர்குலேஷன் வால்வு (ஆக்சிலரேட்டரை விடும்போது காற்றைத் திருப்பிவிடுவது), இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். கழற்றிய ரப்பர் குழாயைக் கையில் வளைத்துப் பாருங்கள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மடிப்பின் உள்பக்கம் வெடிப்பு இருக்கும். வேக்கம் ஹோஸ் எல்லாவற்றையும் ஒரே தடவையில் சிலிக்கானுக்கு மாற்றிவிடலாம்.

காற்றுப் பக்கம் சுத்தமாக இருந்தும் பூஸ்ட் தாமதமாக ஏறினால் எக்ஸாஸ்ட் பக்கம் பாருங்கள். வலப்பக்க எக்ஸாஸ்டை இடப்பக்க டர்போவுக்குக் கொண்டுபோகும் கிராஸ்ஓவர் பைப் வெடிப்பது சகஜம். டர்போவுக்கு வேண்டியது போக மிச்ச எக்ஸாஸ்டை வெளியே விடும் வால்வான வேஸ்ட்கேட், ஸ்பிரிங் தளர்ந்து பழசாகியிருந்தால் அதுவும் மூட வேண்டிய நேரத்தில் கசியவிடும்.

பெட்ரோல் லைன் விஷயத்தில் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். எஞ்சின் மேல் ஓடும் லைன்களில் உலோகமும் ரப்பரும் சேரும் இடத்தில் நுண்ணிய வெடிப்பு விட்டு, சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சொட்டி எரிந்த வண்டிகள் உண்டு. பெட்ரோல் வாசம் லேசாக வந்தாலும் அன்றே நிறுத்துங்கள்.

வண்டியை அணைத்த பிறகு எஞ்சின் பக்கம் ஒரு மெல்லிய ரீங்காரம் சுமார் அரை நிமிஷம் கேட்க வேண்டும். டர்போவைக் குளிர்விக்கத் தண்ணீரைச் சுற்றவிடும் மின் பம்ப் அது. சத்தமே இல்லையென்றால் பம்ப் செத்திருக்கும், டர்போ பேரிங்கில் எண்ணெய் கருகும்.

ஸ்டார்ட் ஆகாத வண்டியில் முதல் சந்தேகம் டிஎம்இ (எஞ்சின் கணினி) ரிலே. உள்ளே சால்டர் வெடித்துவிடும், சூடானால் தொடர்பு போகும். இன்னொன்று வண்டியிலேயே இருக்கட்டும். அடுத்தது எஞ்சின் சுற்றைக் கவனிக்கும், கிளட்ச் ஹவுசிங் மேல் உள்ள ஸ்பீட், ரெஃபரன்ஸ் சென்சார்கள், இடைவெளி 0.8 மி.மீ. இவற்றின் வயர் பிளக் இரண்டையும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றிச் செருகினால் வண்டி உயிர் பெறாது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆர்பிஎம் முள் துள்ளுகிறதா பாருங்கள். துள்ளாவிட்டால் கோளாறு இங்கேதான்.

ரப்பர் மையமுள்ள பழைய கிளட்ச் டிஸ்க் கிழிந்தால் ஆக்சிலரேட்டரை விட்டு அழுத்தும்போது 'டொக்' என்று இடிக்கும். எக்ஸாஸ்ட், பின்னால் உள்ள கியர்பாக்ஸ், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் ட்யூப் எல்லாம் கழன்றால்தான் கிளட்ச் கைக்கு வரும். அதனால் ஸ்பிரிங் மைய டிஸ்க்காகப் போட்டு, ரிலீஸ் பேரிங், ரியர் மெயின் சீல் இரண்டையும் அப்போதே முடித்துவிடுங்கள். ஐட்லிங்கில் நடுங்கினால் எஞ்சின் மவுண்ட். எக்ஸாஸ்ட் சூடு படும் வலப்பக்க மவுண்ட்தான் முதலில் அமுங்கும்.

இவ்வளவும் முடிந்தால்தான் பவர். டிஎம்இ, கேஎல்ஆர் (நாக், பூஸ்ட் இரண்டையும் கவனிக்கும் கணினி) இரண்டின் சிப்பையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். பழைய சிப்போடு மேனுவல் பூஸ்ட் கன்ட்ரோலரை மட்டும் திருகினால், அளவு மீறும்போது கேஎல்ஆர் பெட்ரோலை வெட்டிவிடும். அதை ஏமாற்றி ஓட்டினால் கலவையில் பெட்ரோல் குறைந்து பிஸ்டனோ ஹெட் கேஸ்கெட்டோ போகும். வைட்பேண்ட் மீட்டர் இல்லாமல் பூஸ்ட் ஏற்றாதீர்கள்; முழு பூஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதம் 11.5 முதல் 12-க்குள் நிற்கட்டும். சாலைக்கு 1 பார் பூஸ்ட், 3 அங்குல எக்ஸாஸ்ட், நல்ல டூயல் போர்ட் வேஸ்ட்கேட் போதும். அதற்கு மேல் போனால் வலுவான ஹெட் ஸ்டட், வைட் ஃபயர் ரிங் கேஸ்கெட், பெரிய இன்ஜெக்டர் எல்லாம் சேர்ந்துவரும். டிராக்கில் ஓட்டுபவர்கள் அதற்கு முன்பே 2-ஆம் சிலிண்டரின் ராட் பேரிங்கைத் திறந்து பார்த்துவிடுங்கள். நீண்ட வளைவில் எண்ணெய் ஒதுங்கும்போது முதலில் காய்வது அது.